கடுங்குளிருக்குத் தலைவழி ஜாக்கெட்: வாங்கும் முன் ஓரங்களைப் பாருங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் தையல் கடைக்குப் பெரும்பாலும் ரவிக்கைத் துணிதான் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் வேறொரு கூட்டம் சேரும். காஷ்மீருக்குப் போகிற சங்ககிரி லாரி டிரைவர்கள், லீவு முடிந்து திரும்பும் பட்டாளத்துப் பிள்ளைகள், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போகிறவர்கள், காலேஜ் லீவில் இமயமலை ஏறக் கிளம்பும் பெண் பிள்ளைகள். எல்லார் கையிலும் ஒரு பஞ்சு ஜாக்கெட் இருக்கும். ஒன்றில் ரன்னர் கழன்றிருக்கும், இன்னொன்றில் மணிக்கட்டு எலாஸ்டிக் தொங்கிப்போயிருக்கும், சிலதில் தோள்பட்டை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். பதினெட்டு வருடமாக இவற்றைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். பிரித்துப் பார்த்தவளுக்குத்தான் உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள், எந்த இடம் முதலில் கெடுகிறது என்பது தெரியும். அதை வைத்து, முன்பக்கம் முழுக்கத் திறக்காமல் பாதி ஜிப்போடு பனியன் மாதிரி தலைவழி மாட்டுகிற ஜாக்கெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் தம்பியால். அவன் லாரி ஓட்டுகிறான். சீலநாயக்கன்பட்டியில் ஏறினால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நேரே ஸ்ரீநகர் வரை போகிறது. சேலத்து வெயிலும் காஷ்மீர்ப் பனியும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன. முதல் தடவை அவன் ஆப்பிள் ஏற்றப் போனபோது நான்தான் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே தடிமனானது, மைனஸ் 20 என்று அட்டை தொங்கியது. எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. நவம்பரில் காசிகுண்டு பக்கம் பனி விழுந்து ரோடு அடைத்துவிட, மூன்று ராத்திரி லாரி வரிசையில் நின்றிருக்கிறான். ஊருக்கு வந்ததும் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முதுகு சூடாத்தான்க்கா இருந்துச்சு. கழுத்துலயும் இடுப்புலயும் மட்டும் ஐஸ் தண்ணி ஊத்துன மாதிரியே இருந்துச்சு."

பக்கத்து வண்டிக்காரர்கள் கேபினுக்குள் ஸ்டவ் பற்ற வைத்துக் குளிர் காய்ந்தார்களாம். இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள், போகவில்லை. மூடிய கேபினில் ஸ்டவ்வோ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நல்ல ஜாக்கெட் என்பது வெறும் சொகுசு இல்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். உடுப்பு சரியாக இருந்தால் நெருப்பைத் தேடிப் போகிற ஆசையே வராது.

அந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்துப் பார்த்தேன். முதுகிலும் மார்பிலும் பஞ்சு தாராளம். காலருக்குள் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி. இடுப்பில் இழுத்துக் கட்ட நாடா இல்லை. ஜிப்புக்குப் பின்னால் துணி இல்லை. தம்பி சுட்டிக்காட்டிய இடங்களும் இவையும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

ஜாக்கெட் சூடு தராது. சூடு தருவது நம் உடம்பு. அந்தச் சூட்டில் வெதுவெதுப்பான காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பதுதான் பஞ்சின் வேலை. புது இலவம்பஞ்சுத் தலையணையைக் கையால் அமுக்கிவிட்டால் மெல்ல உப்பி எழும். பத்து வருடம் போட்டு நசுக்கிய தலையணை எழாது. பஞ்சின் எடை இரண்டிலும் ஒன்றுதான். புதியதில் காற்று நிற்கிறது, பழையதில் நிற்க இடமில்லை. ஜாக்கெட்டுக்கும் அதே கணக்கு. இதில் எவ்வளவு காற்று நிற்கும், அந்தக் காற்று எந்த வழியாகத் தப்பும் என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கடையில் எல்லாரும் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தலைவழி மாட்டுவதா, முன்பக்கம் திறப்பதா

என் அம்மா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் பழம் பறித்தவர். மார்கழி மூடுபனியிலும் சாரலிலும் கறுப்புக் கம்பளியை மடித்துத் தலைமேல் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு போவார். எட்டு வயதில் அதற்குள் நானும் ஒண்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். கனமான கம்பளி, ஆட்டு வாசனை அடிக்கும். ஆனால் தலையும் தோளும் முதுகும் ஒரே துணிக்குள் இருப்பதால் நடுவில் காற்று புகாது. தலைவழி மாட்டும் ஜாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொங்காடைதான் ஞாபகம் வரும்.

முழு ஜிப் வைத்த ஜாக்கெட்டில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டில் பஞ்சு கிடையாது. தலைவழி ஜாக்கெட்டில் அது பாதியாகக் குறையும். எடையும் குறையும். கெட்டுப்போகிற ஜிப்பின் நீளமும் குறையும். இன்னொரு வசதி வயிற்றுப் பை. இரண்டு பக்கமும் கை விட்டால் உள்ளே கைகள் ஒன்றையொன்று தொடும், கங்காரு பை என்பார்களே, அது. விரல்கள் மரத்துப்போகிற இடத்தில் அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு வயிற்றில் ஜிப் மடிந்து குத்தாது.

எல்லாருக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். தோள் மூட்டு இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் இதைக் கழற்ற முடியாது. தாலிச் சங்கிலி பாதி ஜிப்பில் மாட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், உள்ளே பனியனுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி போட்டுக் கழற்ற வேண்டிய வேலை என்றால் முழு ஜிப்தான் சரி. ஒருமுறை போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கப்போகிற வேலைக்குத் தலைவழி ஜாக்கெட் சரி.

பாதி ஜிப் எவ்வளவு நீளம் என்பதை அளந்து பாருங்கள். கழுத்தில் ஏழு அங்குலம் மட்டும் திறந்தால் உடம்பு சூடேறும்போது காற்று விட வழி இருக்காது, மாட்டும்போதும் மூச்சு முட்டும். நான் பார்க்கும் அளவு இது: ஜிப் மார்புக்கூட்டின் கடைசி எலும்பைத் தாண்டி நான்கு விரல் கீழே வர வேண்டும். பக்கவாட்டில், இடுப்பிலிருந்து அக்குள் நோக்கி இன்னொரு ஜிப் இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம். மாட்டுவது சுலபம், பேன்ட் பையில் கை விடலாம், பெண்களுக்குக் கழிப்பறை போகும்போது ஜாக்கெட்டை முழுக்கத் தூக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள்

அடைப்பில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று தூவி, வாத்தின் மார்புப் பக்கத்து மென்மயிர். அன்னத்தூவி மெத்தை என்று பழந்தமிழில் வருமே, அந்தத் தூவிதான். கடையில் டவுன் என்பார்கள். இன்னொன்று பாலியெஸ்டர் இழை.

தூவி ஜாக்கெட்டில் 550, 600, 800 என்று ஒரு எண் இருக்கும். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குல இடத்தை அடைத்து நிற்கிறது என்பதுதான் அந்த எண். 600 என்றால் ஏறக்குறைய 10 லிட்டர் இடம். 800 என்றால் 13 லிட்டர். 28 கிராம் மயிர் ஒரு பக்கெட் நிறையக் காற்றைப் பிடித்து வைக்கிறது என்பதைக் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு பட்டாளத்துத் தம்பியின் ஜாக்கெட்டைப் பிரித்தபோது மேசை முழுக்க அது எழுந்து பரவியதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஆனால் எண் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மொத்தம் எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். 800 எண் உள்ள தூவியைக் கொஞ்சமாக அடைத்ததைவிட 600 எண் தூவியைத் தாராளமாக அடைத்தது அதிகச் சூடு காக்கும். எடை மட்டும் கூடும். 90/10 என்று எழுதியிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தூவி, பத்து இறகு. ஜாக்கெட்டைக் கசக்கிப் பார்க்கும்போது விரலில் குச்சி குச்சியாக நிறையத் தட்டுப்பட்டால் இறகு கூடுதலாக இருக்கிறது.

தூவிக்கு ஒரு பெரிய பலவீனம், ஈரம். நனைந்தால் கோழிக்குஞ்சு மழையில் நனைந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், காற்று நிற்க இடம் இருக்காது. லடாக் மாதிரி வறண்ட குளிருக்கு அது ராஜா. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழை மிகக் குறைவு. ஜனவரி இரவு மைனஸ் 15-க்கும் கீழே போகும் அந்த ஊரில் தூவி போல் வேறொன்று இல்லை. ஆனால் பனி விழுந்து உடம்பில் உருகுகிற இடத்துக்கும், வியர்க்க வேலை செய்கிறவர்களுக்கும் பாலியெஸ்டர் அடைப்புதான் நான் சொல்வேன். நனைந்தாலும் அது முழுக்க நசுங்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. அமெரிக்க ராணுவத்துக்காக 1980-களில் தூவிக்கு மாற்றாக உருவாக்கிய பிரைமாலாஃப்ட் இந்த வகையில் பேர் பெற்றது. பட்டாளத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் சில ஜாக்கெட்டுகளின் உள் லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன்.

பாலியெஸ்டரில் ஜி.எஸ்.எம். என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிராம் அடைப்பு என்பது அது. 60 என்றால் நடந்துகொண்டே இருப்பவருக்கு. 100-லிருந்து 133 வரை பொதுவாகப் பயன்படும். ஒரே இடத்தில் நிற்கிற, உட்காருகிற வேலைக்கு 200 பக்கம் போக வேண்டும். தம்பி இப்போது போடுவது உடம்புக்கு 200, கைக்கு 133. கையில் கொஞ்சம் குறைந்தால்தான் ஸ்டியரிங் சுற்ற வசதி.

மைனஸ் 20, மைனஸ் 30 என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்று சோதனை முறை இருக்கிறது. கடையில் தொங்கும் ஜாக்கெட்டுகளில் இருக்கும் டிகிரி பெரும்பாலும் தயாரிக்கிறவர்கள் தாங்களே சொல்வது. ஏறி நடக்கிறவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே ஜாக்கெட்டில் ஒரே சூட்டை உணர மாட்டார்கள்.

துணியும் தையலும்

என் மாமனார் பட்டுத்தறி நெய்தவர். துணியை எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பாவும் ஊடையும் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பார். ஜாக்கெட்டுக்கும் அதையே செய்யுங்கள். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், வெளிர்நிறத் துணியில் பஞ்சு இல்லாத இடம் பளிச்சென்று தெரியும். தோளின் உச்சியையும் அக்குளையும் கட்டாயம் பாருங்கள், அங்கேதான் அடைப்பு விலகிப்போகும். பிறகு துணியில் வாயை நன்றாக அழுத்தி ஊதிப் பாருங்கள். உங்கள் மூச்சு மறுபக்கம் சுலபமாகப் போனால் மலைக்காற்றும் அதே சுலபத்தில் உள்ளே வரும். காற்றின் கணக்கு லேசானது இல்லை. 0 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 மாதிரி. மைனஸ் 10-ல் அதே காற்று என்றால் மைனஸ் 21 மாதிரி.

வெளிப்பக்கம் கட்டம் கட்டமாகவோ வரிவரியாகவோ தைத்திருப்பார்கள். வெளித்துணி, பஞ்சு, உள்துணி மூன்றையும் சேர்த்து ஒரே ஊசியில் அடித்திருந்தால் அந்தத் தையல் கோட்டில் பஞ்சு நசுங்கி ஒன்றுமில்லாமல் போகும். ஒவ்வொரு ஊசித் துளையும் காற்றுக்கு ஒரு வாசல். இலேசான குளிருக்கு அது பரவாயில்லை. கடுங்குளிருக்கு, வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே சின்னச் சுவர் வைத்துத் தைத்த தூவி ஜாக்கெட்டோ, வெளித்துணியில் தையல் கோடே இல்லாத பாலியெஸ்டர் ஜாக்கெட்டோ எடுங்கள். விரலை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஓட்டினாலே வித்தியாசம் தெரியும். நடுவில் பள்ளம் விழுந்து துணியும் துணியும் தொட்டால் ஒரே ஊசித் தையல்.

ஓரங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, ஜிப். குளிர் நுழைவது இந்த நான்கு இடத்தில்தான். என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் முக்கால்வாசியும் இவைதான்.

காலர் தாடை வரை எழுந்து நிற்க வேண்டும், அதற்குள்ளும் பஞ்சு இருக்க வேண்டும். பல ஜாக்கெட்டில் உடம்பில் மட்டும் அடைத்துவிட்டுக் காலரை வெறும் துணியாக விட்டிருப்பார்கள், கிள்ளிப் பாருங்கள். ஜிப்பை முழுக்க ஏற்றி, தலையை இடதும் வலதும் திருப்புங்கள். இடைவெளி விழுந்தால் அது பொருந்தவில்லை. ஜிப்பின் உச்சியில் ரன்னர் போய் ஒளிந்துகொள்ள ஒரு சின்னத் துணிக்கூடு இருக்க வேண்டும். இல்லையென்றால் உறைந்த ரன்னர் தாடையில் உரசிக்கொண்டே இருக்கும். நம் மூச்சின் ஈரம் அங்கேதான் படிந்து உறையும்.

ஹூட் இருந்தால் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாட்டிப் பாருங்கள். நாடாவை இழுத்தால் முகத்தைச் சுற்றி இறுக வேண்டும், கண்ணை மறைக்கக்கூடாது. தலையைத் திருப்பும்போது ஹூட்டும் கூடவே திரும்ப வேண்டும். ஹூட்டுக்குள்ளேயே தலை மட்டும் திரும்பினால் ரோட்டில் வரும் வண்டி தெரியாது.

மணிக்கட்டில் ஸ்வெட்டர் மாதிரி பின்னிய ரிப் வைத்திருப்பது பார்க்க அழகு. ஆனால் பனியில் கை வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி அப்படியே விறைத்துப்போகும். வெல்க்ரோ பட்டியோ மெல்லிய எலாஸ்டிக்கோ நல்லது. கையுறைக்கு மேலே வருமா, உள்ளே போகுமா என்பதைக் கையுறையோடு போய்ப் பாருங்கள்.

இடுப்பு விளிம்பு இடுப்பெலும்பை மூடிப் பின்பக்கம் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் இறங்க வேண்டும். குனியுங்கள், குந்தி உட்காருங்கள். முதுகு தெரிந்தால் வேண்டாம். நாடாவும் அதைப் பூட்டும் பிளாஸ்டிக் குமிழும் கட்டாயம். நடக்கும்போது ஜாக்கெட் துருத்தி மாதிரி வேலை செய்யும்: ஒவ்வொரு அடிக்கும் அடிப்பக்கம் வழியாகக் குளிர்காற்றை இழுத்துக் கழுத்து வழியாகச் சூட்டை வெளியே தள்ளும். நாடாவை இறுக்கிவிட்டால் அது நின்றுவிடும்.

ஜிப்பில், ரன்னரின் பின்னால் 3, 5, 8 என்று ஓர் எண் பதித்திருக்கும். பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். 3 வேண்டாம், கையுறையோடு இழுத்தால் தாங்காது. 5 குறைந்தபட்சம், 8 இருந்தால் நிம்மதி. உலோகப் பல் வேண்டாம், பிளாஸ்டிக் பல்லோ சுருள் ஜிப்போ போதும். ஒய்.கே.கே. கம்பெனி ஜிப் வைத்த ஜாக்கெட் ரன்னர் மாற்றுவதற்கு என்னிடம் அரிதாகத்தான் வருகிறது. ஜிப்பின் பின்னால் பஞ்சு அடைத்த ஒரு குழாய் போன்ற பட்டை நீளத்துக்கும் ஓட வேண்டும். அது இல்லாத ஜாக்கெட்டைக் கடுங்குளிருக்கு எடுக்காதீர்கள். தம்பியின் முதல் ஜாக்கெட்டுக்கு அந்தப் பட்டையை நானே தைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் பரவாயில்லை என்றான். ஆனால் காலரின் அகலத்தை என்னால் குறைக்க முடியவில்லை, தோளின் வெட்டே அப்படி.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தையல்காரரால் சரி செய்ய முடிகிறது எது, முடியாதது எது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். எலாஸ்டிக், நாடா, ரன்னர், கை நீளம் இவற்றைச் சரி செய்யலாம். தோள் அகலம், காலர் வெட்டு, குறைவான பஞ்சு இவற்றைச் செய்ய முடியாது. சின்னக் கிழிசல் என்றால் ஊசியே வேண்டாம், நைலான் துணியில் ஒட்டுகிற ரிப்பேர் டேப்பை மூலை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். ஊசி போட்டால் புதுத் துளைகள் வழியாகப் பஞ்சு வெளியே வரும். தைத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் தையல்காரரிடம் 11-ஆம் நம்பர் மெல்லிய ஊசியும் நீளத் தையலும் போடச் சொல்லுங்கள்.

அளவும் உள்ளுடுப்பும்

வெறும் சட்டைமேல் மாட்டிப் பார்த்து வாங்குவதுதான் நம் ஊரில் எல்லாரும் செய்வது. கோடை வெயிலில் கடைக்குள் நின்று இரண்டு ஸ்வெட்டர் போட யாருக்கும் மனம் வராது. ஆனால் போட்டே ஆக வேண்டும். உள்ளே உடம்போடு ஒட்டுகிற தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கட்டிப்பிடிப்பது மாதிரி செய்யுங்கள். முதுகில் இறுகினால் பஞ்சு நசுங்குகிறது, நசுங்கிய இடம் குளிரும். கையை மேலே தூக்குங்கள், இடுப்பு விளிம்பு ஏறி வயிறு தெரியக்கூடாது. அதற்காக இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தாலும் தப்பு, உள்ளே வெற்றிடம் அதிகமாகி உடம்பால் அதைச் சூடாக்க முடியாது.

போன வருடம் கேதார்கண்டா ஏறப்போன ஒரு மாணவி, "அக்கா, உள்ள பருத்தி பனியன் போதும்ங்களா?" என்று கேட்டாள். உத்தரகண்டில் இருக்கிற அந்தச் சிகரம் சுமார் 12,500 அடி, டிசம்பரில் பனி மூடியிருக்கும். போதாது கண்ணு என்றேன். திருப்பூர்ப் பருத்தி பனியன் சேலத்து வெயிலுக்குத் தெய்வம் மாதிரி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதுதான் அதன் குணம், அங்கே அதுவே ஆபத்து. ஏறும்போது வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் முதுகில் ஜில்லென்று ஒட்டும். உள்ளே பாலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ போடுங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. அம்மாவின் கறுப்புக் கம்பளி சாரலில் அத்தனை மணி நேரம் எப்படித் தாங்கியது என்பது எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் விளங்கியது.

வேலை தொடங்கும் முன்பே ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், அல்லது ஜிப்பை முழுக்க இறக்குங்கள். தார்ப்பாய் கயிறு இழுப்பதும் ரிக் குழாய் தூக்குவதும் பத்து நிமிடத்தில் வியர்க்க வைக்கும். கொஞ்சம் குளிராக இருக்கும்போதே வேலையை ஆரம்பிக்க வேண்டும். முடித்து நின்றதும், குளிர் தெரியும் முன் போட்டுக்கொள்ள வேண்டும். தலைவழி ஜாக்கெட்காரர்கள் இதில் சோம்பல் படக்கூடாது. கழற்றுவது சிரமம் என்று போட்டபடியே வேலை பார்த்து நனைத்துக்கொள்கிறார்கள்.

ஏற்காட்டுக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் நான் இவ்வளவும் சொல்வதில்லை. மலை ஏற ஏற 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம், ஆக எட்டு டிகிரி. டிசம்பர், ஜனவரி இரவில் 12, 13 டிகிரி இருக்கும். அதற்கு ஒரு ஃப்ளீஸும் அதன்மேல் காற்றும் சாரலும் புகாத மெல்லிய மேலாடையும் தாராளம். தூவி ஜாக்கெட் அங்கே வேண்டாம், மூடுபனி அதை ஈரமாக்கிவிடும். ஆனால் வடக்கே போகிறவர்களுக்கு ஒரு யோசனை: புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு விடிகாலையில் அடிவாரத்திலிருந்து பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்து போவது இன்னும் நல்லது. கழுத்திலா, மணிக்கட்டிலா, எங்கே காற்று நுழைகிறது என்று ஏற்காட்டு ஒண்டிக்கடை போய்ச் சேர்வதற்குள் உடம்பே சொல்லிவிடும். மாற்ற வேண்டியதை ஊரில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

தங்குமிடத்தில் கணப்பு அடுப்புப் பக்கத்தில் ஜாக்கெட்டைக் காயப்போடாதீர்கள், நைலான் உருகிவிடும். ஒரு தீப்பொறி போதும், ஓட்டை விழ. இஸ்திரிப் பெட்டி எப்போதும் கூடாது.

துவைக்கும்போது துணியை மென்மையாக்குகிற திரவம் ஊற்ற வேண்டாம். டப்பில் லேசான சோப்பு நீரில் அமுக்கி அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். நனைந்த தூவி ஜாக்கெட் கனமாக இருக்கும், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்சுவர்கள் கிழியும். இரண்டு கையையும் அடியில் கொடுத்துக் குழந்தையை எடுப்பது மாதிரி எடுத்து, நிழலில் படுக்கை வசமாகக் காயப்போடுங்கள். சேலத்து வெயில் நைலானைப் பலவீனமாக்கும், நிழலும் காற்றும் போதும். நடுநடுவே கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள். தூவி முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் ஆகலாம். நடுவில் ஈரம் இருக்கும்போதே மடித்துவைத்தால் நாற்றம் பிடித்துவிடும்.

அதோடு வரும் சின்னப் பையில் அமுக்கி வைப்பது பயணத்துக்கு மட்டும். பத்து மாதம் அதிலேயே பரண்மேல் கிடந்தால் பழைய தலையணை கதிதான். பீரோவில் ஹேங்கரில் தளர்வாகத் தொங்கவிட்டு, பட்டுச்சேலைக்கு வைப்பது போல ஒரு துணி முடிச்சில் வசம்பு போட்டு வையுங்கள்.

தம்பியின் ஜாக்கெட்டைப் புரட்டாசியில் இறக்குவேன். பஞ்சு எழுகிறதா என்று அமுக்கிப் பார்த்து, ஜிப் பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்து, நாடாக் குமிழ்கள் பிடிக்கின்றனவா என்று இழுத்துப் பார்ப்பேன். இந்த வருடம் கழுத்துக் குமிழ் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வயிற்றுப் பைக்குள் ஒரு சின்ன உறை தைத்து, அதில் மாற்று ரன்னர் ஒன்றும் ஒரு முழம் ரிப்பேர் டேப்பும் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவன் லோடு ஏற்றுகிறான்.